கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்தேன்

சாய்ந்தமருதில் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் பெண்கள் முக்காடில்லாமல் எடுக்கும் படங்கள் என் போனில்தான் இருக்கும். நான் யாருக்கும் அனுப்பமாட்டேன் என்ற நம்பிக்கை. எனக்கு அனுப்பத் தெரியாது என்பதும் உண்மை.

அந்தக் காலத்து டீவி கேமில் என்னை வென்றவர் இல்லை. அதைப் போனில் விளையாட எமுலேட்டர் என்றொரு செயலி வேண்டுமாம். போனிடம் வாயால் கேட்டு, முதலில் வந்ததை இறக்கினேன். அது இங்கிலீசில் ஏதேதோ கேட்டது. வாசிக்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் நீலப் பொத்தானை அழுத்தினேன்.

கேம் வரவில்லை. மருதோன்றிக் கையோடு நின்ற பெண்களின் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. மேலே ஒரு வட்டம் சுற்றியது.

"மகள், ஓடி வா!"

மகள் போனைப் பறித்தாள். "உம்மா, படத்தையெல்லாம் எங்கேயோ ஏத்தப் பாக்குது! கேட்டத்துக்கெல்லாம் ஓம் எண்டு அமத்தினீங்களா?"

"ஓம் மகள்."

"நல்ல வேல, இத இறக்கினத்தோட டேட்டா முடிஞ்சிட்டு. அல்லாஹ் காப்பாத்தினான், ஒண்டும் போகல்ல."

அந்தச் செயலியை அழித்தோம். அன்றே அந்தப் பெண்களின் வீடுகளுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வாழ்க்கையில் அப்படித் தலைகுனிந்ததில்லை.

இப்போது மகள் வாசித்துத் தெரிந்தெடுத்த எமுலேட்டர்தான் வைத்திருக்கிறேன். போனில் கேம் இருக்கும் இடத்தைத் திறக்க மட்டுமே அது அனுமதி கேட்டது. படங்களைத் தனி மெமரி கார்டுக்கு மாற்றி அலுமாரியில் பூட்டிவிட்டேன். போன் இங்கிலீசில் எதைக் கேட்டாலும், மகள் வரும்வரை அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.