என் எண்ணை அழிக்கச் சொன்ன நாள்

கருவுற்ற ஐந்தாவது மாதத்தில் எங்கள் குழந்தை தங்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கல்பாக்கத்து வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே போன் வரத் தொடங்கியது. டயப்பர், குழந்தைச் சோப்பு, தடுப்பூசிச் சலுகை. ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த எண், எங்களைக் கேட்காமலே எங்கெங்கோ போயிருந்தது. ஒன்றைத் தடுத்தால் வேறொரு எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள். மாதங்கள் ஓட ஓட, அவர்கள் கணக்கில் குழந்தை வளர்ந்துகொண்டே இருந்தது. "பாப்பாவுக்குக் கூழ் ஆரம்பிச்சிட்டீங்களா மேடம்?" என்று ஒருத்தி கேட்ட அன்று சமைக்காமல் படுத்துவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் அதே அழைப்புகள் வந்துகொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன்; மறுபடியும் குழந்தைப் பொருள் விற்கிற கம்பெனிதான். என் முகத்தைப் பார்த்த அக்கா, கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"இன்னாம்மா வோணும் உனக்கு? கொய்ந்தையா? இந்த வூட்ல கொய்ந்த தங்கல. அந்தப் பொண்ணு அய்துகினு கீது. இனிமே கூப்டாத."

அதட்டவில்லை. பக்கத்து வீட்டாரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். சற்று நேரம் கேட்டுவிட்டு போனை என்னிடம் நீட்டினார். "உன்னாண்ட ஏதோ சொல்லணுமாம்."

மறுமுனையில் இருந்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல். "மன்னிச்சிடுங்க மேடம், எங்களுக்கு இது தெரியாது. நான் உங்க நம்பரை என் லிஸ்ட்ல இருந்து எடுத்தாலும் வேற ஆளுங்க கூப்பிடுவாங்க. ஜனங்களோட சொந்த விவரத்தைப் பாதுகாக்கச் சட்டம் மாறுதுன்னு எங்களுக்கு வகுப்பே எடுத்தாங்க. விவரத்தை அழிக்கச் சொல்லி நீங்க கேட்டா கம்பெனி அழிச்சாகணும். ஸ்கேன் சென்டருக்கும் எழுதுங்க."

எந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுத வேண்டும் என்பதையும் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கம்பெனிக்கும் ஸ்கேன் சென்டருக்கும் எழுதினோம். குழந்தையைப் பற்றி நாங்கள் வாய்விட்டுப் பேசியது அன்றுதான். இரண்டு பேரும் அழுதோம். பிறகு பசித்தது, சாப்பிட்டோம். ஸ்கேன் சென்டரின் மேலாளர் தானே கூப்பிட்டு வருத்தம் சொன்னார். அழைப்புகள் குறைந்து, ஒருநாள் நின்றேபோயின.

அந்தச் சட்டத்தை முழுசாக நான் படித்ததில்லை. விட்டுவிடச் சொன்னால் விட்டுவிட வேண்டும் என்று யாரோ யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அக்காவிடம் மட்டும் நன்றி சொல்ல முடிந்தது.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு? நாளிக்கு வஞ்சிரம் வரும், எடுத்துக்கினு வரட்டா?" என்றார்.

கொண்டுவரச் சொன்னேன்.