நோட்டீஸில் நான் வெட்டிய வரிகள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சில வருடங்கள் ஆகியிருந்தன. வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் வந்து, கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று புதைப்பதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். திருவனந்தபுரத்துக்கு நோய் வரவில்லை, பயம் வந்துவிட்டது.

அப்போது நான் ஆரியசாலைக் கடைத்தெருவில், கணினியில் தட்டி அச்சடித்துத் தரும் ஒரு சின்ன டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ், கரமனை அக்ரஹாரத்தில் வீட்டோடு வந்தது. கடைக்கு எந்தத் தமிழ் வேலை வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒருநாள் அந்த வட்டாரத்து சுகாதார நிலைய டாக்டர் மலையாள நோட்டீஸ் ஒன்றோடு வந்தார். கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் பல தமிழ்க் குடும்பங்கள் கோழி வளர்க்கின்றன, அவர்களுக்காக இதைத் தமிழில் அரைத்தாளில் போட்டுத் தர வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் காதில் விழுந்தால் கொஞ்சம் புரியும், படிக்கத் தெரியாது.

நோட்டீஸ் தெளிவாகவே இருந்தது. இந்த நோய் மனிதருக்கு வருவது அபூர்வம், வந்தால் கடுமை. நோயுற்ற பறவையின் எச்சம், எச்சில், இரத்தம் இவற்றைத் தொட்டுப் புழங்குவதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஆகவே செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள், இறகு பிடுங்காதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்றாக வெந்த இறைச்சியாலும் முட்டையாலும் ஆபத்தில்லை. கோழிகளோடு புழங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

நான் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டேன். பக்கத்தில் ஒரு கோழிப் படம் வைத்தேன். மீதி இடத்தில் வரிகள் அடங்கவில்லை. படத்தைச் சின்னதாக்கியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. இறகும் இரத்தமுமாக அந்த வரிகளைத் தட்டுவதே எனக்கு அருவருப்பாக இருந்தது. இவர்கள் தின்னாமல் இருந்தால் போதாதா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அதை மாற்றிச் சொல்ல வழியில்லை. ஆறேழு வரிகளை வெட்டிவிட்டு, 'கோழியும் முட்டையும் உண்ணாதீர்கள். சுத்தமாக இருங்கள்' என்று முடித்தேன்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்து, எல்லாம் இருக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டார்.

"எல்லாம் இருக்கு டாக்டர்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி கடைக்கு வந்தார். பின் சந்தில் ஒரு வீட்டில் நாலைந்து கோழிகள் செத்துவிட்டன, அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பேசிச் சொல்ல நீ கூட வா என்றார். போனேன்.

என்னைவிட வயதில் சின்னவள். முற்றத்து மூலையில் இன்னும் இறகு கிடந்தது. செத்த கோழிகளை என்ன செய்தாள் என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"றெக்கையைப் பிடுங்கி, துண்டு போட்டு நாய்க்குப் போட்டேன். வீணாப் போவுதேன்னுதான்" என்றாள்.

டாக்டருக்கு அது புரிந்துவிட்டது. முகம் மாறியது. வெறுங்கையால் தொடாதே என்று நோட்டீஸில் போட்டிருக்கிறதே, இவள் அதைப் பார்க்கவில்லையா, கேள் என்றார்.

"நோட்டீஸைப் படிக்கலையான்னு டாக்டர் கேக்கறா" என்றேன்.

"படிச்சேனே. திங்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. நாங்க ஒரு வாய் திங்கலயே. புள்ளைக்கு முட்டைகூடக் குடுக்கல" என்றாள். ஊர்ப் பேச்சு, வேகமாகச் சொன்னாள். டாக்டருக்குப் பிடிபடவில்லை, என்னைப் பார்த்தார்.

நான் மலையாளத்தில் சொன்னேன்: "வாயிச்சில்லா டாக்டர்."

படிக்கவில்லையாம், என்று. டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். கையில் கொடுத்த காகிதத்தைப் படிக்கக்கூட நேரமில்லையா, வீட்டில் குழந்தை இருக்கிறதே என்றார். வந்த சில மாதங்களில் அவள் கொஞ்சம் மலையாளம் பிடித்திருந்தாள். டாக்டரைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"நான் படிச்சேன்லா" என்றாள், மெதுவாக.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மிச்சமிருந்த ஒரு கோழியைக் கால்நடை மருத்துவமனைக்காரர்கள் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். அவளைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டையில் பஞ்சால் தடவிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, அவளைத் தனி அறையில் இருக்கச் சொன்னார்கள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். நான் அந்தச் சந்து வழியாகப் போனபோது அது வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பிக் கடைக்குப் போய், மலையாள நோட்டீஸையும் என் தமிழ் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தேன்.

இரண்டு காகிதங்களையும் மேஜையில் வைத்து, வரிவரியாக எதை வெட்டினேன் என்று சொன்னேன். அவள் படித்திருந்தாள் என்பதையும் சொன்னேன். டாக்டர், இது எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே என்னையும் ஒரு சுகாதாரப் பணியாளரையும் வீடுவீடாக அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும், முதல் நோட்டீஸ் தப்பு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, வெட்டிய வரிகளைச் சொன்னேன். ஒரு வீட்டில், "அப்ப முட்டை திங்கலாமா? இத்தன நாளா புள்ளையளுக்குக் குடுக்காம இருந்தோமே" என்றார்கள்.

அவளுக்கு வந்தது பறவைக் காய்ச்சல் இல்லை என்று சோதனையில் தெரிந்தது. கோழிகள் செத்ததும் வழக்கமாக வரும் கோழிச் சீக்கால்தான். அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுக்காரருட்ட நீங்களே சொல்லிருங்க. படிக்காமத் தொட்டேன்னு அவுகளும் ஏசிட்டாக. எங்க அம்மைக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாக" என்றாள்.

சந்தையில் மூட்டை தூக்குகிறவர் அவர். மத்தியானம் சாப்பிட வந்தார். அவர் தட்டின் முன்னால் உட்காரும்வரை நின்றிருந்து, அவள் படித்துத்தான் செய்தாள், நான் எழுதியதும் தப்பு, டாக்டரிடம் சொன்னதும் பொய் என்றேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அவள் குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

புதிய நோட்டீஸையும் நானே தட்டினேன், படம் இல்லாமல். டாக்டர் அதைத் தமிழ் படிக்கத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, என் முன்னாலேயே உரக்கப் படிக்கச் சொன்னார். அவர் படிக்கப் படிக்க, டாக்டர் மலையாளத் தாளில் ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டு வந்தார்.