பூட்டக்காவும் ஆறு ஊசிப் பூட்டும்

காது மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் சத்தம் புகாத ஒரு சின்ன அறை இருக்கிறது. சுவர் முழுக்க மெத்தை. கதவைச் சாத்தினால் நம் மூச்சே, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது போலக் கேட்கும். அந்த அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷமாக ஊரார் காதுகளைச் சோதித்து வந்தாள் அவள். "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. லேசாக் கேட்டாலும் அமுக்குங்க." ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லுவாள். தூக்கத்திலும் சொல்கிறாள் என்று அவள் கணவர் சத்தியம் செய்வார்.

அங்கே எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேர் வந்த கதை இது. ஒரு நாள் அவளுடைய அலமாரிச் சாவி எங்கேயோ தொலைந்துபோனது. மருத்துவமனை எலக்ட்ரீஷியன் வந்தான். இரண்டு கம்பித் துண்டை உள்ளே விட்டு, பேச்சுவாக்கில் ஒரு ஆட்டு ஆட்டினான். பூட்டு வாயைத் திறந்துவிட்டது.

"பூட்டுன்னு பேருதான்க்கா. இதெல்லாம் ஒரு கும்பிடு போட்டாலே திறந்துக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. இத்தனை வருஷம் உம்மென்று தொங்கிய பொருளுக்குள் இப்படி ஒரு இளகின மனசா என்று இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் இரும்புக் கடையில் நாலு பூட்டு வாங்கினாள்.

போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். பூட்டுக்குள் வரிசையாகக் குட்டி ஊசிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். சாவி போனால் எல்லாம் அதனதன் உயரத்துக்கு எழும்பி வழிவிடும். சாவி இல்லாதவர், ஒரு பட்டைக் கம்பியால் சாவித்துளை உருளையை லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு மெல்லிய கம்பியால் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். சரியான இடத்தில் 'டிக்' என்று நிற்கும். அந்த டிக்குக்காக அவள் உயிரையே விடுவாள்.

பள்ளி பஸ் ஓட்டும் கணவர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து தொழில் ஆரம்பிச்சிடலாம். நீ உள்ள போ, நான் பஸ்ஸை ஆஃப் பண்ணாம நிறுத்தி வைக்கிறேன்."

"நம்ம பூட்டைத் தவிர வேற எதையும் நான் தொடமாட்டேங்க."

"அதைப் போலீஸ்கிட்ட சொல்லிக்கோ."

ஞாயிறு மத்தியானங்களில் சமையலறை மேஜையில் உட்காருவாள். கண்ணை மூடினால் பூட்டு மெல்ல மெல்லப் பெரிதாகும். கை அகலப் பித்தளை ஒரு தெருவாக நீளும். ஊசிகள் தெருவோரத்து ஆட்களாக நிற்பார்கள். ஒருவர் விறைப்பாக, ஒருவர் தளர்வாக, ஒருவர் தொட்டதும் சிணுங்கிக்கொண்டு. மஞ்சள் வெளிச்சத்தில் அவர்கள் நடுவே நடந்து, தோளைத் தொட்டு எழுப்பிக்கொண்டே போவாள். மேஜையில் டீ ஆறிப்போயிருக்கும்.

மூன்று ஊசி, நாலு ஊசி, ஐந்து ஊசி என்று ஏறி, ஆறு ஊசிப் பூட்டில் வந்து மாட்டினாள். அதன் ஊசிகள் இடுப்புச் சிறுத்தவை. உருளை பாதி திரும்பி, இதோ திறந்துவிட்டேன் என்று ஆசை காட்டி அப்படியே நின்றுவிடும். எட்டு மாதம் அந்தப் பூட்டு அவளுக்குப் போக்குக் காட்டியது.

அதற்கிடையில்தான் அது நடந்தது. தினமும் காலையில் சோதனை மெஷின் சரியாக இருக்கிறதா என்று ஹெட்போனைத் தானே மாட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று மேல் ஸ்தாயிச் சத்தங்கள் வரவில்லை. ஹெட்போன் கெட்டுவிட்டது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவன் மாட்டிப் பார்த்தான்.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேஜையில் வைத்தான். "இன்னொரு தடவை பாப்போமாக்கா?" என்றான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அன்று மதியம் மெத்தைச் சுவருக்குள் போய் அவளே உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது டாக்டரம்மா. பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருந்தாள்.

"கீச்சுன்னு வர்ற மேல் ஸ்தாயிச் சத்தம் ரெண்டு காதுலயும் குறைஞ்சிருக்கு. போனது திரும்பாது, காதுல மெஷின் வெச்சா சமாளிச்சிடலாம்," என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு நான் சொல்லணுமா?"

வீட்டில் பூட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். டிக் கேட்காத கைக்குப் பூட்டு எதற்கு? கணவர் ஒரு கேலியும் பேசாமல் டப்பாவை அலமாரியின் கீழ்த்தட்டில், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார்.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிறு, மழை தகரக் கூரையில் கொட்டியது. டிவியில் மேட்ச் அலறியது. அந்த இரைச்சலில் ஊசியின் டிக் யாருக்குமே கேட்காது. சும்மா இருக்க முடியாமல் ஆறு ஊசிப் பூட்டைக் கையில் எடுத்தாள். கேட்க முயலவே இல்லை. மழைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஒவ்வொரு ஊசியும் விரல் நுனிக்கு ஒரு சின்ன நடுக்கமாக வந்தது. பூட்டு வழக்கம்போலப் பாதி திரும்பி நின்றது. இத்தனை நாளும் அந்த இடத்தில் டிக்கை எதிர்பார்த்து இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று கைக்கே புரிந்தது. பிடியை ஒரு மயிரிழை தளர்த்தினாள். தூக்கத்தில் புரண்டு படுப்பவர் போல உருளை பின்பக்கமாக நகர்ந்தது. போகட்டும் என்று விட்டாள். ஒரு ஊசி ஏறியது. இன்னொன்று. பிறகு வளையம் உள்ளங்கையில் துள்ளியது.

அது திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கணவருக்குக் கேட்டிருக்கிறது. டிவியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"திறந்துடுச்சா?"

"திறந்துடுச்சுங்க," என்றாள். கண்ணீர் மேஜையில் சொட்டியது. அவர் பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா எட்டு மாசம்? என்கிட்ட சொல்லியிருந்தா சாவி குடுத்திருப்பேனே!" அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த மாதம் இரண்டு காதிலும் மெஷின் வந்தது. இப்போது சோதனைக்கு வருகிறவர்கள் அவள் காதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியமாக உள்ளே போகிறார்கள். பூட்டோடு உட்காரும்போது மட்டும் மெஷின்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுவாள். அப்போது கணவர் கூப்பிடுவதில்லை. வந்து தோளைத் தொடுவார். கையில் இருப்பது ஏழு ஊசிப் பூட்டு. நாலாவது ஊசி வரை வந்திருக்கிறாள்.