ஓவசியர் அண்ணையின் மீன்பிடி லைசென்ஸ்

கறிச்சட்டிகளை ஒதுக்கி, மேசையை ஈரம் போகத் துடைத்து, அதன் மேல் ஒரு காகிதத்தை விரித்து வைத்தார் ஓவசியர் அண்ணை. அன்று மத்தியானம் தபாற்கந்தோரில் எடுத்தது. அவருடைய பெயர், எங்கள் வீட்டு விலாசம், பிறந்த தேதி, கீழே வட்ட முத்திரை. ஆற்றிலும் கால்வாயிலும் தூண்டில் போடுவதற்கான லைசென்ஸ். "வாசியும் ஐசே," என்று என் பக்கம் தள்ளினார். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். என் ஆங்கிலம் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைத் தாண்டாது. அவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் எழுத்துக்கூட்டி உரத்து வாசித்தேன். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். இந்த நாட்டில் தன் பெயர் பிழையில்லாமல் எழுதப்பட்ட முதல் காகிதம் அதுதான் என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஓவசியர் அண்ணை ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக, வேலைகளை மேற்பார்க்கிறவராக இருந்தவர். வன்னிக் குளங்களின் கட்டும் தண்ணீர் திறந்துவிடும் துருசும்தான் அவருக்கு உலகம். லண்டனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடித்தார். மனைவியும் ஒரே மகனும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவருக்கு இங்கே தங்குவதற்குக் கிடைத்திருந்த அனுமதியில் நான்கு வருடம் முடிந்த பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். ஆறாம் மாதத்தில் நான்கு வருடம் முடியும் என்பதும், அப்போது மகனுக்குப் பதினொரு வயது என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் பாடம்.

லைசென்ஸ் விதிகளையும் அவர் எங்களுக்குப் பாடமாக்கினார். தபாற்கந்தோரில் கொடுத்த சிறு துண்டுப்பிரசுரத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். "லைசென்ஸ் வேறை, அனுமதி வேறை. லைசென்ஸ் தூண்டில் தடிக்கு. அனுமதி கரைக்கு. கரைக்காரச் சங்கத்திட்டைத் தனியாக் கேக்கவேணும்." கடலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வயது போனவர்களுக்கும் உடல் ஏலாதவர்களுக்கும் சலுகை உண்டு. கையில் இல்லாத நேரம் பரிசோதகர் கேட்டால், ஏழு நாளுக்குள் கொண்டுபோய்க் காட்டலாம். கடைசியாக ஒன்றைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். "பன்னிரண்டு வயசுக்குக் கீழை எண்டால் ஒண்டும் தேவையில்லை. சும்மா வந்து தடியைப் போடலாம்."

கோழிப் பொரியல் கடையில் வேலை செய்த ஒருவர் எங்களோடு இருந்தார். எல்லோருக்கும் அவர் மச்சான். அவருக்கு ஓவசியர் அண்ணையைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. "அண்ணை, பிடிச்ச மீனைத் திருப்பி விடவேணும் எண்டுறியள். விடுறதுக்கு எதுக்கு லைசென்ஸ்?"

"உமக்குப் பொரிக்கிறதைத் தவிர வேறை என்ன தெரியும்?"

"மீனுக்கும் ஒரு பிரசுரம் குடுத்திட்டு வாங்கோ. ஓவசியர் வாறார், வாயைத் திற எண்டு."

ஓய்வு நாட்களில் அவர் கால்வாய்க்குப் போவார். அங்கே படிப்படியாக இறங்கும் நீர்க்கதவுகள் இருந்தன. ஒரு படகை உயர்த்துவதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போய் விளக்கியிருக்கிறார். கடைசிக் கதவுக்குக் கீழே, ஒரு எல்டர் மரத்தடியில் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு கற்படி. அவர் எப்போதும் அதன் இடப்பக்கத்தில்தான் இருப்பார். வலப்பக்கத்தில் நான் ஒருமுறை உட்காரப் போனபோது, "உங்கை இரும்," என்று புல்லைக் காட்டினார். நான் புல்லில் இருந்தேன். அந்த இடம் யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை.

மார்ச் நடுவில் ஒருநாள் தடியைத் துணியில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் வைத்தார். குளிர் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் காரணம் சொல்லியிருப்பார். நான் காது கொடுத்திருக்க மாட்டேன். அவர் சொல்லும் விதிகளில் பாதியை நாங்கள் எல்லோருமே அப்படித்தான் கேட்டோம்.

ஏப்ரலில் எனக்கு இரண்டு கிழமை ஷிப்ட் இல்லாமல் போனது. என் அகதி விண்ணப்பம் முதல் சுற்றில் மறுக்கப்பட்டு, அப்பீலில் கிடந்தது. பகலில் ஆறு பேரின் வீட்டில் நான் ஒருவன்தான். ஹீட்டரைப் போட மனமில்லாமல் போர்வையோடு ஜன்னலருகே இருந்து, தெருவில் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருநாள் வெயில் அடித்தது. அலமாரியைத் திறந்து அவருடைய தடியை எடுத்துக்கொண்டு, தூண்டிலில் குத்துவதற்கு நான்கு துண்டு பாணோடு கால்வாய்க்குப் போனேன். கற்படியில், வலப்பக்கத்தில் இருந்தேன். கரையில் வேறு ஒருவரும் தூண்டில் போடவில்லை. அது எனக்கு வசதியாகத்தான் பட்டது. உள்ளங்கை நீளத்தில் ஒரு வெள்ளி மீன் அகப்பட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பச்சைக் கோட்டுப் போட்ட ஒருவர் பின்னால் வந்து நின்றார். அடையாள அட்டையைக் காட்டி, பெயரைக் கேட்டார். ஓவசியர் அண்ணையின் பெயரைச் சொன்னேன். விலாசம் சொன்னேன். பிறந்த தேதியும் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை. பாரிஸில் ஒருவருடைய பெயரில் கோப்பை கழுவினேன். லண்டனுக்கு வந்தும் இன்னொருவருடைய பெயரில் ஒரு பேக்கரியில் ஆறு மாதம் நின்றேன். எங்களில் பலர் அப்படித்தான் இருந்தோம். பெயர் என்பது அந்த நாளைக்குக் கொழுவியிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்கிற கோட்டு. லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது என்றேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆங்கிலச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி, தண்ணீரைக் காட்டித் தலையை ஆட்டினார். எனக்கு விளங்கவில்லை. ஓம் ஓம் என்று நானும் தலையை ஆட்டினேன். மீனை விடச் சொன்னார். விட்டேன். ஏதோ எழுதிக்கொண்டு போனார். தடியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். லைசென்ஸ் உண்மையானது, பெயர் உண்மையானது, இதில் என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ஓவசியர் அண்ணை அதை நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார். மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன் முட்டையிடும் காலம், அப்போது யாரும் தூண்டில் போடக்கூடாது, லைசென்ஸ் இருந்தாலும் குற்றம் என்று அவர் மச்சானுக்கு விளக்கும்போதுதான், 'குளோஸ் சீசன்' என்ற அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் எனக்கு விளங்கின. என் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதைக் கழுவப் போவது போல் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

"நான் அந்த மாசம் தடியைத் தொடவே இல்லை ஐசே. எப்பிடி என்ரை பேர் வந்தது?"

"கனவிலை எழும்பிப் போயிருப்பியள் அண்ணை," என்றார் மச்சான். "இனி உங்களைக் கட்டிலோடை கட்டித்தான் வைக்கவேணும்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். என்னுடைய அப்பீலும் அங்கேதான் இருந்தது. கோப்புகளைப் பார்க்கிறவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண். பொறுமையானவர். கடிதத்தை வாசித்துவிட்டு, குடும்பத்தை அழைக்கிற படிவத்தில் ஒரு கேள்வியைப் பேனாவால் காட்டினார். உங்கள் மேல் வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா?

"அங்கிள், பெரிய கேஸ் இல்ல. ஆனா இது முடியட்டும். முடிஞ்ச பிறகு அனுப்புவோம். இப்ப அனுப்பினா, இதைப் பிடிச்சிக்கிட்டுக் கேள்வி கேப்பாங்க."

"எவ்வளவு காலம் பிள்ளை?"

"மூணு மாசம், அஞ்சு மாசம்... கோர்ட் எப்ப கூப்பிடுதோ."

அவர் விரல்களை மடித்து மாதங்களை எண்ணினார். "மகனுக்கு மாசியிலை பன்னிரண்டு," என்றார். அந்தப் பெண்ணுக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், பொய்ப்பெயர் கொடுத்த குற்றம் என் அப்பீலில் போய் ஏறும். திருப்பி அனுப்புவார்கள். அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்கு முன்னால் போனவர்களைப் பற்றிக் கேட்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் எனக்கு ஒரு டொபி தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமையில் டூட்டிங்குக்கு அறை மாறினேன். வேலைக்குக் கிட்ட என்று காரணம் சொன்னேன். ஒரு இடம் கசந்தால் வேறு இடம் போவது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். டூட்டிங் அறையில் ஒரு கட்டிலும், சுவரோடு ஒட்டிய ஒரு கழுவுதொட்டியும் இருந்தன. மச்சான் சில வேளை போன் எடுப்பார். வழக்கு ஒருமுறை தள்ளிப்போனது, பரிசோதகருக்குச் சுகமில்லை என்றார். இன்னொருமுறை தள்ளிப்போனது என்றார். ஆறாம் மாதம் போய், இலை உதிரத் தொடங்கியது. அடுத்த தவணை எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அன்று காலையில் முகம் மழித்து, உள்ளதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். எழும்பி நின்று, நான்தான் என்று சொல்வதற்காகவே போனேன். இதை இப்போது எழுதும்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

பின் வரிசை வாங்கில் ஒரு தடித்த மனிதருக்குப் பின்னால் இருந்தேன். ஓவசியர் அண்ணை கோட்டும் டையும் கட்டியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றார். கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். பரிசோதகர் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். பிறகு நிமிர்ந்து ஓவசியர் அண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்து, இவர் அந்த ஆளில்லை என்றார். அந்த ஆள் இளையவன், வலது புருவத்தில் ஒரு வெட்டுக் காயம் என்றார். அவர் விரல் தன் புருவத்தைத் தொட்டபோது, ஓவசியர் அண்ணை மெதுவாகத் திரும்பினார். தடித்த மனிதர் அந்த நேரம் பார்த்துக் குனிந்தார்; ஓவசியர் அண்ணையின் பார்வை என் முகத்தில் வந்து நின்றது. என் புருவத்தில் அந்தக் காயம் இன்னும் இருக்கிறது.

எதிர்த்தரப்பில் வாதாடியவர் விடவில்லை. உம்முடைய பெயர், உம்முடைய பிறந்த தேதி, உம்முடைய வீடு. இவ்வளவும் தெரிந்தவன் யார்? உமக்குத் தெரியாமல் இருக்குமா?

எழும்பவேண்டிய நேரம் அதுதான். நான் எழும்பவில்லை. ஓவசியர் அண்ணை நீதவான்களின் பக்கம் திரும்பி, தான் பேசும் பழைய கந்தோர் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். தெரியாது, ஐயா. அது யாரென்று எனக்குத் தெரியாது. விதியில்லாமல் ஒரு புழுவைக்கூடத் தண்ணீரில் போடாத மனிதர். சத்தியம் செய்த கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது.

வழக்குத் தள்ளுபடியானது. வெளியே படியில் காத்து நின்றேன். "அண்ணை," என்றேன். ஒரு தபாற்பெட்டியைத் தாண்டிப் போவது போல் என்னைத் தாண்டிப் போய், பஸ் தரிப்பில் நின்றார். பஸ் வர வெகு நேரம் ஆனது. அவர் ஒருமுறையும் திரும்பவில்லை. நானும் கிட்டப் போகவில்லை.

குடும்பம் வந்த செய்தியை மச்சான்தான் டூட்டிங் கடைத்தெருவில் என்னைக் கண்டபோது சொன்னார். பையனுக்குப் பன்னிரண்டு முடிந்து எட்டு மாதமாம். "வந்த கிழமையே பெடியனைத் தபாற்கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேப்பர் எடுத்துக் குடுத்திட்டுது மனுசன். ஒருநாள் போனவன், குளிருது எண்டு வந்திட்டான். பிறகு போகமாட்டன் எண்டு நிக்கிறான். வீடியோ கேம்தான்." பதினொரு வயதில் வந்திருந்தால் போயிருப்பானோ, அதுவும் தெரியாது. மச்சான் ஒரு முருங்கைக்காய்க் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோய், வெறுங்கையோடு அறைக்குத் திரும்பினேன்.

என் அப்பீல் வென்றது. அதற்குப் பிறகு எத்தனையோ அறைகள், எத்தனையோ வேலைகள். இன்று என் பெயரில், என் பிறந்த தேதியில் ஒரு கடவுச்சீட்டு இருக்கிறது. எந்தக் கரையிலும் யார் வந்து கேட்டாலும் என் பெயரைச் சொல்லலாம். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஒரு கோடையில், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனேன். அன்னதான வரிசையில் நிற்கும்போது, எதிர்ப்பக்கத்தில் ஓவசியர் அண்ணை. தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் பட்டுச்சேலையில் அவர் மனைவி. கொஞ்சம் தள்ளி, அவரைவிட உயரமாக ஒரு பையன் கையடக்கத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். என் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. கை கூப்பியபடியே நின்றேன்.

"இஞ்சேருங்கோ, ஆர் உவர்? உங்களைப் பாத்தெல்லோ கும்பிடுறார்," என்றார் மனைவி.

ஓவசியர் அண்ணை கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னை முகத்துக்கு நேரே பார்த்தார். புருவத்தையும் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"தெரியேல்லை," என்றார்.

சத்தியம் செய்து சொன்ன ஒன்றைப் பிறகு மாற்றிச் சொல்கிற மனிதர் அல்ல அவர். நான் கைகளை இறக்கினேன். பின்னால் நின்றவர் முன்னே போங்கோ என்றார். விலகி அவருக்கு வழி விட்டேன்.