கைகட்டச் சொன்ன நாள்

கடலோரத் திரேஸ்புரத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான் எழுத்துகளைக் குதிக்கவைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். ‘ப’ என்றால் ஒரு குதி. ‘ட’ என்றால் தரையில் ஓங்கி ஒரு மிதி. ‘ம்’ என்றால் வாயை மூடி, இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து முனக வேண்டும். குதித்து, மிதித்து, முனகி முடித்தால் ‘படம்’. மற்ற டீச்சர்கள் என் வகுப்பைக் கடக்கும்போது, “இன்னைக்கு ஆட்டமா, பாட்டா?” என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

நான் நாசரேத்துப் பக்கத்துக்காரி. வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். பிள்ளைகள் கைகட்டி இருந்தால்தான் அது வகுப்பு என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. அதனால்தானோ என்னவோ, ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நாளைக்கு யாரும் குதிக்கக் கூடாது. கைகட்டி நின்னு வாசிக்கணும், கேட்டியளா?” என்றேன்.

வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவள் அம்மா மீன் வாங்கித் தெருத் தெருவாக விற்பவர். அந்தப் பிள்ளைக்கு உடம்பு அசைந்தால்தான் எழுத்து வாயில் வரும். இது எனக்கு நன்றாகவே தெரியும்.

அதிகாரி அவளைத்தான் எழுப்பினார். புத்தகத்தில் ‘படம்’ என்ற சொல்லைக் காட்டினார். கைகட்டி நின்றாள். உதடு அசைந்தது. குதிகால் மெல்ல எழும்பியது. நான் முறைத்தேன். குதிகால் இறங்கிவிட்டது.

“இந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராதா டீச்சர்?”

“வராது சார்” என்றேன்.

அவர் குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனார். நல்ல மனிதர்தான். விஷயத்தைச் சொல்லியிருந்தால், “சரி, குதிக்கட்டும்” என்றுகூடச் சொல்லியிருப்பார்.

மறுநாள் எல்லாரும் பழையபடி குதித்தார்கள். அவள் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார், மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு.

“டீச்சர், கரையில நிக்கித ஒவ்வொரு வள்ளத்துக்கு முன்னாலயும் குதிச்சுக் குதிச்சுப் பேரு வாசிப்பா. இப்ப கேட்டா, ‘எனக்கு வாசிக்க வராதும்மா, டீச்சரே சொல்லிட்டாவ’ங்கா. என்ன டீச்சர் நடந்துச்சு?”

ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டேன். அன்று மதியமெல்லாம் என்னை நானே திட்டித் தீர்த்தேன். பிறகு அந்தப் பிள்ளை முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“ஏளா, ஒனக்கு வாசிக்க வரும். டீச்சர்தான் சார்ட்ட பொய் சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்.”

கட்டிய கையை எடுக்காமலே கேட்டாள்.

“அத அந்த சார்ட்ட சொல்லிட்டியளா டீச்சர்?”

“இல்ல” என்றேன்.

அதிகாரியின் அலுவலகம் ஒன்றும் தூரத்தில் இல்லை, ஆட்டோவில் பத்து நிமிடம். நான் போகவில்லை. அடுத்த வருடம் இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் அவள் வாசித்தாளாம். என்னிடம் வாசிக்கவே இல்லை.