டயாலிசிஸ் வார்டின் மந்திரவாதி

டயாலிசிஸ் வார்டில் டெக்னீஷியனாக இருந்த அந்தப் பெண்ணை வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளில் ஒருவரான டிரைவர் அண்ணன் மட்டும் தங்கச்சி என்பார். பதினோரு வருடமாக அக்காவின் கண் போனது நோயாளிகளின் கைகள் மேல்தான். எந்தக் கையில் ரத்தக்குழாய் எப்படி வளைந்து போகிறது, எந்த இடத்தில் ஊசி போட்டால் வலிக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கை, எடை, ரத்த அழுத்தம், அப்புறம் மெஷின். முகம் பார்க்க நேரம் ஏது?

மூன்றாம் நாற்காலியில் ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் வரைகிற பெண். டிராயிங்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்ததே டிரைவர்தான். இடது கை மெஷினோடு கட்டுண்டு கிடக்க, வலது கையால் லேப்டாப்பில் ஒரு பழைய விளையாட்டு ஆடுவாள். ஆறு பேர் கூட்டமாகக் காடு, குகை என்று அலைந்து பூதங்களோடு மோதுகிற விளையாட்டு. திரை ஓரத்தில் ஆறு பேரின் முகமும் வரிசையாகத் தெரியும்.

பக்கத்து நாற்காலியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"இதுல நம்மளப் போல ஒரு மூஞ்சியும் இல்லையேம்மா?"

"போட்டுக்கலாம் அண்ணே. அதுக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. படத்தை அளவா வெட்டி உள்ள வைக்கணும். ஒத்தைக் கையால என்னால முடியாது. வீட்டுக்குப் போனா படுக்கதான் தோணுது."

மெஷினில் அளவு குறித்துக்கொண்டிருந்த அக்கா, ஏனோ, "நான் வெட்டித் தரேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் வேலை புரிந்தது. ஒரே முகத்தைப் பெரிது, நடுத்தரம், சின்னது என்று மூன்று அளவில் வெட்ட வேண்டும். மூன்றுக்கும் ஒரே பெயர், கடைசி எழுத்து மட்டும் மாற வேண்டும். போன் எடுக்கும் படத்தை அந்தப் பழைய விளையாட்டு சீண்டவே சீண்டாது, வேறு வகைக்கு மாற்றியாக வேண்டும். முதல் முறை டிரைவரின் முகம் கரண்டிக் குழியில் பார்த்தது போல இழுத்துக்கொண்டு வந்தது. அடுத்த முறை முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புக் கட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா அந்த முகத்தோடு மல்லுக்கட்டினார். பெரிதாக்கி, நகர்த்தி, வெட்டி, மறுபடி பெரிதாக்கி.

அப்போதுதான் கவனித்தார். டிரைவருக்கு இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. சிரித்தால் வாயின் வலது ஓரம் முதலில் ஏறியது. கண்ணோரச் சுருக்கங்கள் எதிர்வெயிலில் சாலையைப் பார்த்தே விழுந்தவையாக இருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் பார்க்கிற மனிதர். இவ்வளவையும் எங்கே ஒளித்து வைத்திருந்தார்? அக்கா மவுஸை விட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று சரியாக வந்ததும் மற்றவர்களும் கேட்டார்கள். "வண்டி ஓட்டினது போதும். உக்காந்த இடத்துலயே மந்திரம் போடுறவன் எவனோ, அவனை எனக்குக் குடுங்க" என்றார் டிரைவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை திருடி வேடம் கேட்டார். "காப்பி அடிக்கிறவங்களைப் பிடிச்சே காலம் போச்சு. கொஞ்ச நாள் நான் பூட்டு உடைக்கிறேன்."

ஒரு வயரைச் செருகி லேப்டாப்பைச் சுவர் டிவியோடு இணைத்தார்கள். ஆறு நாற்காலிக்காரர்களின் ஆறு முகமும் குகை வாசலில் எழுந்தன. தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அது நானா? பயமே தெரியாதவ மாதிரி பாக்குறாளே" என்றார் மெதுவாக.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை. டிரைவர் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். ஊசியை எடுத்த அக்கா, வழக்கமாகப் பார்க்கும் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். ஏதோ இடித்தது. டிவியில் இருந்த முகத்தைப் பார்த்தார். திரும்ப இவரைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு தடவை சிரிங்க."

"காலையிலயே சிரிக்கச் சொல்றியே தங்கச்சி, என்ன விசேஷம்?"

சிரித்தார். முதலில் ஏற வேண்டிய வலது ஓரம் இடதுக்குப் பின்னால்தான், அதுவும் அரைகுறையாக ஏறியது.

"ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க."

இடது கை நின்றது. வலது கை தானாகக் கீழே இறங்கியது. அது இறங்குவது அவருக்கே தெரியவில்லை.

அக்கா ஊசியைத் தட்டில் வைத்தார். டயாலிசிஸ் தொடங்கினால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்ற வேண்டும். மூளையில் கசிவு ஏதாவது இருந்தால் அந்த மருந்தே ஆளை முடித்துவிடும். டாக்டரை அழைத்தார். பத்தே நிமிடத்தில் டிரைவரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு; பக்கவாதத்தின் தொடக்கம்.

மதியம் டாக்டரே வார்டுக்கு வந்தார். "நல்ல நேரத்துல பிடிச்சிட்டீங்க. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா பேச்சு போயிருக்கும். நான் பாத்திருந்தாகூட விட்டிருப்பேன், அவ்வளவு லேசான கோணல். எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த மூஞ்சியை ஒரு நாள் பூரா வெட்டியிருக்கேன் டாக்டர்" என்றார் அக்கா. டாக்டருக்குப் புரியவில்லை. டிராயிங்காரி டிவியைக் காட்டி விளக்கினாள். அவர் அந்த ஆறு முகங்களுக்கு முன் வெகுநேரம் நின்றார். அடுத்த மாதத்திலிருந்து அந்த வார்டில் ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும் எடை எழுதும் இடத்துக்கு மேலே ஒரு புகைப்படம் ஒட்டப்பட்டது.

டிரைவர் மூன்று வாரம் வேறு பிரிவில் படுத்திருந்து, தடியூன்றித் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்தார். பேச்சில் கொஞ்சம் குழறல் மட்டும் பாக்கி.

"நான் இல்லாம குகைக்குள்ள போயிட்டீங்களா?"

"மந்திரவாதி இல்லாம எப்படிண்ணே? வாசல்லயே நிக்கிறோம்" என்றாள் டிராயிங்காரி.

அன்று சாயங்காலம் வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்த கணவரின் எதிரில் அக்கா உட்கார்ந்தார். இருபது வருடமாகப் பார்க்கிற முகம். மோவாய்க்கு அடியில் ஒரு சின்னத் தழும்பு. அது எப்போது வந்தது?

"என்ன, என் மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க."