டெஸ்டுக்கு முந்தின நாள்

எங்கள் கிளினிக் லேபில் ரத்தம் எடுக்கும் அக்காவுக்கு டாக்டர் வைத்த பெயர் சிஐடி. பத்தொன்பது வருஷ சர்வீஸ். மெஷின் சொன்னால் பாதிதான் நம்புவார், மனுஷன் சொன்னால் அதுவும் இல்லை. ரிப்போர்ட் தாமதமானால் கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்குவது நான்.

அன்று ஒரு பஸ் டிரைவரின் தைராய்டு ரிசல்ட் வந்தது. டி.எஸ்.எச். முப்பத்தெட்டு. உடம்புக்கு ஹார்மோன் போதாவிட்டால்தான் அது அப்படி ஏறும். ஆனால் டி4 என்கிற அந்த ஹார்மோனும் அளவைத் தாண்டியிருந்தது. அக்கா மறுபடி ஓட்டிப் பார்த்தார். அதே எண்கள்.

"டி4 நேத்து முழுங்கின மாத்திரையக் காட்டும். டி.எஸ்.எச். ஒன்றரை மாசக் கதையச் சொல்லும். இந்த மனுஷன் மாசக்கணக்கா சாப்பிடாம, டெஸ்டுக்கு மொத நாள் மொத்தமா முழுங்கியிருக்காரு."

பழைய ரிப்போர்ட்டுகளில் டி.எஸ்.எச். மட்டும்தான் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் டோஸ் ஏறி, நூறு மைக்ரோகிராம் மாத்திரை இருநூறாகியிருந்தது. அவருக்கோ இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம்.

அக்கா வெளியே போய் நேராகவே கேட்டார். "ஒரு நாள் விட்டதில்லம்மா" என்றார் டிரைவர். வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்த மகளுக்குச் சுருக்கென்றது. "எங்கப்பா பொய் சொல்றாரா? இனிமே நானே தினமும் என் கையால குடுக்கப்போறேன், போதுமா?"

சாப்பிடாத மாத்திரை இதயத்தைப் படபடக்க வைக்காது. அந்தப் பெண் பாசத்தோடு தினமும் கொடுக்கப்போகிற இருநூறை அந்த இதயம் தாங்குமா?

"அக்கா, வம்ப விலைக்கு வாங்காதீங்க" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்டோடு டாக்டர் அறைக்குள் போய்ச் சந்தேகத்தைச் சொன்னார்.

"ரத்தம் எடுக்கறது உங்க வேலை. மருந்து எழுதறது என் வேலை" என்றார் டாக்டர்.

"எழுதுங்க சார். ஆனா இந்தத் தடவை அவர் நெஜமாவே சாப்பிடப்போறாரு."

டாக்டரின் பேனா நின்றது. இரண்டு எண்களையும் பார்த்தார். அப்பாவையும் மகளையும் உள்ளே கூப்பிட்டார். "இத தினமும் சாப்பிட்டா உங்க உயிருக்கே ஆபத்து. நெஜத்தச் சொல்லுங்க."

டிரைவர் மகளைப் பார்க்காமல் சொன்னார். "ஆறு மாசமா சரியா சாப்பிடல சார். எடுத்தேனா இல்லயான்னே மறந்துபோகுது. நேத்து ஏழெட்டு போட்டுக்கிட்டேன்."

"ஏம்ப்பா சொல்லல?" மகளின் குரல் உடைந்தது.

"மருந்து வேலை செய்யலன்னா டாக்டர் பாத்துப்பாரு. நான் மறக்கறேன்னு தெரிஞ்சா நீ வேலைய விட்டுட்டு வந்துடுவியே, கண்ணு."